ஹாட்ஸ்பாட் ஆன், லேப்டாப்பில் நெட் இல்லை: எங்கே அறுந்திருக்கிறது?

ஹாட்ஸ்பாட் வேலை செய்யவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: லேப்டாப் திரையில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் பதில் வராது. அதற்குள் போனை ஒருமுறை, லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, நாலைந்து செட்டிங்ஸையும் மாற்றியிருப்பார்கள். ரீஸ்டார்ட் தப்பில்லை. பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் திரையில் வந்த செய்தியைப் படிக்காமல் ரீஸ்டார்ட் செய்தால், அடுத்த முறை அதே கோளாறு வரும்போது மறுபடி குருட்டாம்போக்கில்தான் தேட வேண்டும்.

போனும் லேப்டாப்பும் சேர்வதில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. போன் தன் ஹாட்ஸ்பாட் பெயரை அலையில் அறிவிக்கிறது, லேப்டாப் அதைப் பிடிக்கிறது. பிறகு இரண்டும் பாஸ்வேர்டைச் சரிபார்த்துக்கொள்கின்றன. மூன்றாவதாக, போன் லேப்டாப்புக்கு ஓர் ஐபி முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) தருகிறது. கடைசியாக, லேப்டாப் கேட்பதையெல்லாம் போன் வாங்கி மொபைல் டேட்டா வழியாக வெளியே அனுப்புகிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தாண்டிவிட்ட கட்டத்தைத் திரும்பத் தொட வேண்டாம். ஹாட்ஸ்பாட் பெயரே தெரியாதபோது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) மாற்றிப் பயனில்லை. நோ இன்டர்நெட் என்று வந்த பிறகு பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை.

கையில் இன்னொரு போனோ டேப்லெட்டோ இருந்தால் அதை அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். அதில் நெட் வந்தால் லேப்டாப் பக்கம் தேடுங்கள். அதிலும் வராவிட்டால் லேப்டாப்பை விட்டுவிடலாம், கோளாறு போனில். ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் லேப்டாப்பின் வைஃபை டிரைவரை (வைஃபை பாகத்தை இயக்கும் மென்பொருளை) அழித்துத் திரும்பப் போட்டவர்கள் நிறையப் பேர்.

லேப்டாப் பட்டியலில் ஹாட்ஸ்பாட் பெயரே வரவில்லை

மற்ற வைஃபை பெயர்களாவது தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் லேப்டாப்பின் வைஃபையே அணைந்திருக்கிறது. ஏரோப்ளேன் மோட் பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கலாம். சில பழைய லேப்டாப்களில் ஓரத்தில் இதற்கென்றே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். விண்டோஸில் வைஃபை என்ற பொத்தானே காணாமல் போயிருந்தால் சர்வீசஸ் பட்டியலில் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் (வைஃபையைக் கவனிக்கும் விண்டோஸ் சேவை) ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் ஓடுகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்து, வைஃபை அடாப்டர் (லேப்டாப்பில் வைஃபையைப் பிடிக்கும் பாகம்) அங்கே இருக்கிறதா, கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம் நிற்கிறதா என்று பாருங்கள்.

மற்றவை எல்லாம் தெரிந்து உங்கள் போன் மட்டும் தெரியவில்லை என்றால், முதல் சந்தேகம் அலைவரிசை மேல். இப்போதைய போன்கள் ஹாட்ஸ்பாட்டை 5 ஜிகாஹெர்ட்ஸில் விட விரும்புகின்றன, வேகம் அதிகம் என்பதால். லேப்டாப்பில் இருப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் பழைய அடாப்டர் என்றால், போன் பக்கத்திலேயே இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பெயரைப் படியுங்கள். டூயல் பேண்ட் என்றோ, ஏசி, ஏஎக்ஸ் என்றோ இருந்தால் 5 வரும். 802.11என் என்று மட்டும் இருந்தால் வராமல் போக வாய்ப்பு உண்டு. 6 ஜிகாஹெர்ட்ஸ் இன்னும் கறாரானது: வைஃபை 6இ அல்லது அதற்குப் பிந்தைய அடாப்டர் வேண்டும், விண்டோஸ் என்றால் 11 வேண்டும்.

எனவே போனை 2.4க்கு இறக்குங்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் பேண்ட் என்றோ ஏபி பேண்ட் என்றோ இருக்கும்; சில போன்களில் எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு பொத்தான். ஐபோன் 12 முதல் பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் 2.4க்கு வந்துவிடும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை எப்போதும் ஆனிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

2.4க்கு மாற்றியும் தெரியவில்லையா? அலைவரிசைக்குள் இருக்கும் சிறு பிரிவான சேனல்தான் அடுத்தது. 2.4க்குள்ளேயே 12, 13 என்ற சேனல்கள் சில நாடுகளில் வழக்கத்தில் இல்லாததால், அந்த நாடுகளுக்கென்று செய்யப்பட்ட லேப்டாப் அடாப்டர்கள் அவற்றைக் கவனிக்கவே மாட்டா. போன் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் இந்த நிலைதான். ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டால் வேறு சேனலுக்கு மாறும் வாய்ப்பு உண்டு. சேனலைத் தேர்ந்தெடுக்க விடும் போன் என்றால் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள்.

ஐபோனுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்துவிட்டுப் போனைப் பூட்டிப் பையில் போட்டால், யாரும் சேராத நிலையில் அது பெயரை அறிவிப்பதை நிறுத்திவிடும். லேப்டாப் சேர்ந்து முடியும்வரை பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திரையில் திறந்தே வைத்திருங்கள். அதே பக்கத்தில் அலோ அதர்ஸ் டு ஜாயின் ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆஃப் என்றால் உங்கள் ஆப்பிள் கணக்கில் உள்ள கருவிகளுக்கும் குடும்பப் பகிர்வில் உள்ளவர்களுக்கும் மட்டும்தான் கதவு திறக்கும், விண்டோஸ் லேப்டாப்புக்குத் திறக்காது.

ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பொத்தானே மங்கிக் கிடந்தால் டேட்டா சேவரை அணையுங்கள். பல போன்களில் அது ஆனில் இருக்கும்வரை ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யவே முடியாது. ஹைட் என்றோ ஹிட்டன் நெட்வொர்க் என்றோ ஒன்றை எப்போதாவது ஆன் செய்து வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பெயரை மறைப்பதால் பாதுகாப்பு ஒன்றும் கூடிவிடாது, தொல்லைதான் கூடும்.

பெயர் தெரிகிறது, கனெக்ட் கொடுத்தால் மறுக்கிறது

விண்டோஸில் இது இரண்டு விதமாக வரும். புதிதாகச் சேரும்போது பாஸ்வேர்ட் தவறு என்று நேராகவே சொல்லும். முன்பே சேர்ந்த ஹாட்ஸ்பாட் என்றால், பாஸ்வேர்ட் கேட்காமலே கேன்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க் என்று ஒரு வரி போட்டு நிறுத்திவிடும். குழப்புவது இந்த இரண்டாவதுதான்.

லேப்டாப் ஹாட்ஸ்பாட்டைப் பெயரை வைத்தே அடையாளம் காண்கிறது. அந்தப் பெயரோடு பழைய பாஸ்வேர்டையும் பழைய பாதுகாப்பு முறையையும் சேர்த்து வைத்திருக்கிறது. இடையில் நீங்கள் போனில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். புதுப் போன் வாங்கி அதற்கும் அதே பெயரை வைத்திருக்கலாம். அல்லது போன் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு டபிள்யூபிஏ2 என்ற பழைய பாதுகாப்பு முறையிலிருந்து டபிள்யூபிஏ3 என்ற புதியதற்கு மாறியிருக்கலாம். லேப்டாப்புக்கு இதெல்லாம் தெரியாது. பழைய சாவியையே போட்டுப் பார்க்கும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய் அந்தப் பெயருக்கு ஃபர்கெட் கொடுங்கள். மேக்கில் வைஃபை செட்டிங்ஸில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியில் அதே வேலை இருக்கிறது. பிறகு புதிதாகச் சேருங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. நிறையப் பேர் ஹாட்ஸ்பாட் பெயரைப் போன் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். ஐபோன் என்று மட்டும் பெயர் வைத்த இரண்டு போன்கள் ஒரே அறையில் இருந்தால், உங்கள் பாஸ்வேர்டை நீங்கள் யாரோ ஒருவரின் போனிடம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள, வேறு யாரும் வைத்திருக்காத ஒரு பெயராக மாற்றுங்கள். மேற்கோள் குறி, எமோஜி வேண்டாம். சில பழைய அடாப்டர்கள் அவற்றில் திணறும்.

பாஸ்வேர்டையும் ஒருமுறை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். 8 எழுத்துக்குக் குறையக் கூடாது, 63ஐத் தாண்டக் கூடாது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. போனே உருவாக்கித் தந்த பாஸ்வேர்டில் சின்ன எல்லும் எண் 1ம், பெரிய ஓவும் சுழியமும் ஒன்றுபோலவே தெரியும். சோதனைக்காக வெறும் சின்ன எழுத்துகளில் ஒரு பாஸ்வேர்ட் வைத்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும். பிறகு வலுவானதாக மாற்றிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்ட் சரி, ஃபர்கெட்டும் கொடுத்தாயிற்று, இன்னும் மறுக்கிறது என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய டிரைவர் உள்ள லேப்டாப்பால் சேர முடியாது. டபிள்யூபிஏ2 பர்சனல் என்றோ, இரண்டும் கலந்தது என்றோ மாற்றுங்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரைப் புதுப்பித்தால் டபிள்யூபிஏ3யும் வந்துவிட வாய்ப்புண்டு, அடாப்டர் ரொம்பப் பழையதாக இல்லாவிட்டால். ஓப்பன் என்று பாஸ்வேர்டே இல்லாமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். சோதனைக்குக்கூட அதைச் செய்யாதீர்கள். மாற்ற மறந்துவிடுவோம், டேட்டா யாருக்கோ போகும்.

போனில் இணைந்திருக்கும் கருவிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கும். ஆண்ட்ராய்டில் அதை 1 என்று நாமே குறைத்து வைத்திருக்கவும் கூடும். பிளாக் லிஸ்ட், அனுமதித்த கருவிகள் மட்டும் என்ற பட்டியல்களையும் பாருங்கள். லேப்டாப்பில் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ் (வைஃபை பாகத்தின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் வசதி) ஆனில் இருந்தால், நீங்கள் பட்டியலில் எழுதி வைத்த முகவரியும் லேப்டாப் இப்போது காட்டும் முகவரியும் வேறாக இருக்கும். போன் அதை அந்நியன் என்று நினைத்துத் தடுத்துவிடும்.

கனெக்டட் என்கிறது, ஆனால் நோ இன்டர்நெட்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்றாம் கட்டத்தில் நிற்கிறதா, நான்காவதிலா என்பதை ஓர் எண் சொல்லிவிடும். விண்டோஸில் வைஃபை பெயரின் ப்ராப்பர்டீஸைத் திறந்து கீழே ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள். மேக்கில் வைஃபை, டீட்டெய்ல்ஸ், டிசிபி/ஐபி.

169.254 என்று தொடங்கினால் போனிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை என்று பொருள். கேட்டுப் பார்த்துப் பதில் வராமல், லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. ஐபோன் தருகிற முகவரி 172.20.10 என்று தொடங்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் 192.168.43 என்று தரும். புதியவற்றில் வேறு எண்களாக இருக்கலாம்.

169.254 வந்தால் முதலில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள். போனில் முகவரி கொடுக்கும் பகுதி மட்டும் சிக்கி நின்றிருக்கலாம். சரியாகவில்லை என்றால் லேப்டாப்பில் பழைய விபிஎன் (நெட் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும்) மென்பொருளோ, தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸின் ஃபயர்வாலோ குறுக்கே நிற்கலாம். அதைச் சில நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பச் சேர்ந்து பாருங்கள்.

169.254ம் இல்லை, போன் தரக்கூடிய வரிசையும் இல்லை, சம்பந்தமே இல்லாத ஓர் எண் இருக்கிறதா? அப்படியென்றால் யாரோ முகவரியைக் கையால் எழுதி நிலையாக வைத்திருக்கிறார்கள். அலுவலக லேப்டாப்களில் இது சகஜம். அதே ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் என்பதை ஆட்டோமேட்டிக் டிஹெச்சிபி என்று மாற்றினால் முடிந்தது. அதற்குக் கீழே டிஎன்எஸ் அசைன்மென்டும் ஆட்டோமேட்டிக்கில் இருக்கட்டும்.

முகவரி சரியாக இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை

போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம், போன் இதுவரை வேறொரு வைஃபையில் இருந்ததால் மொபைல் டேட்டா ஆஃபில் இருப்பதோ, டேட்டா தீர்ந்துபோனதோ தெரியாமலே இருந்திருக்கும். ஹாட்ஸ்பாட் ஆன் செய்ததும் பல போன்கள் அந்த வைஃபையை விட்டுவிடும், உண்மை வெளியே வரும்.

போனில் நெட் ஓடி லேப்டாப்பில் ஓடவில்லை என்றால் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். ரிப்ளை ஃப்ரம் என்று வரிசையாகப் பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி திறந்திருக்கிறது. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான் பழுது. டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். ஏற்கெனவே அப்படித்தான் என்றால் கையால் 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள். டிஎன்எஸ்ஸிலும் குறையில்லை என்றால் செட்டிங்ஸில் ப்ராக்ஸி (இடையில் நின்று பக்கங்களை வாங்கித் தரும் சர்வர்) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக வலையமைப்புக்காகப் போட்ட ப்ராக்ஸி வெளியே வந்தால் கழுத்தை நெரிக்கும்.

பிங்குக்குப் பதிலே இல்லாமல் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று மட்டும் வந்தால், போனுக்கு அந்தப் பக்கம் அடைபட்டிருக்கிறது. போனிலும் லேப்டாப்பிலும் விபிஎன்னை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் போனின் விபிஎன் வழக்கமாக ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தவர்களுக்குப் பொருந்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும். போனில் விபிஎன் போட்டுத் திறக்கிற தளம் லேப்டாப்பில் திறக்காததற்கு அதுதான் காரணம், கோளாறு அல்ல. அடுத்தது ஏபிஎன், அதாவது சிம் நிறுவனத்தின் டேட்டா வலையமைப்பில் போன் நுழைவதற்கான செட்டிங். ஏபிஎன் டைப் என்ற வரியில், ஆங்கிலத்தில் டி, யூ, என் என்ற மூன்றெழுத்துச் சொல்லும் இருந்தால்தான் சில நிறுவனங்களின் வலையமைப்பில் ஹாட்ஸ்பாட் போக்குவரத்து செல்லும். சில திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதியே இருக்காது, அல்லது தனி வரம்பு இருக்கும். ஐபோனில் பர்சனல் ஹாட்ஸ்பாட் என்ற வரியே செட்டிங்ஸில் காணவில்லை என்றாலும் பெரும்பாலும் இதே கதைதான். சிம் நிறுவனத்திடம் கேட்பதைத் தவிர வழியில்லை.

பிரவுசர் பக்கத்துக்குப் பக்கம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறதா? லேப்டாப்பின் கடிகாரத்தைப் பாருங்கள். ரொம்ப நாள் அணைத்து வைத்த பழைய லேப்டாப்பில் தேதி சில வருடங்கள் பின்னால் போயிருக்கும், எந்தத் தளத்தின் சான்றிதழும் அதற்குச் செல்லாது. தேதியைக் கையால் திருத்துங்கள்.

இன்னொரு வேடிக்கை: விண்டோஸ் நோ இன்டர்நெட் என்று சொல்வது எப்போதும் உண்மையல்ல. மைக்ரோசாஃப்டின் ஒரு சோதனைப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் அப்படிச் சொல்லிவிடுகிறது. விளம்பரத் தடுப்பானோ விபிஎன்னோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறித்தாலும் இந்த வரி வரும். பக்கங்கள் திறந்தால் அந்த வரியைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சேர்கிறது, கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடுகிறது

லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்பும்போது அறுந்திருந்தால், ஆண்ட்ராய்டின் தானாக அணையும் வசதிதான் காரணமாக இருக்கும். சேர்ந்திருந்த கருவி போய்ச் சில நிமிடங்களில், பல போன்களில் 10 நிமிடத்தில், ஹாட்ஸ்பாட் தானே நின்றுவிடும். டர்ன் ஆஃப் ஹாட்ஸ்பாட் ஆட்டோமேட்டிக்கலி என்பதை ஆஃப் செய்யுங்கள். போனின் பேட்டரி சேவரையும் சந்தேகப்படலாம்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே அறுந்தால், அந்த நேரம் போனில் அழைப்பு வந்ததா என்று யோசியுங்கள். இரண்டு சிம் உள்ள போனில் டேட்டா ஒரு சிம்மிலும் அழைப்பு மற்றதிலும் இருந்தால், பேசி முடிக்கும்வரை பல போன்களில் டேட்டா நின்றுபோகும். வோல்ட்இ (4ஜியிலேயே பேசும் வசதி) இல்லாத சிம் என்றால் அழைப்பின்போது போன் பழைய தலைமுறை வலையமைப்புக்கு இறங்கிவிடும். 2ஜி வரை போனால் டேட்டா அதோடு சரி. அழைப்பு வரும் சிம்மிலேயே டேட்டாவையும் வைப்பதுதான் சுலபமான தீர்வு.

அழைப்பு இல்லாமலே அறுந்தால் லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற பொருளில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது, கவலை வேண்டாம். போனைத் தொட்டால் சுடுகிறதா என்றும் பாருங்கள். சார்ஜ் போட்டபடி, உறையோடு, வெயிலில் ஹாட்ஸ்பாட் ஓட்டினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிலவற்றை நிறுத்தும்.

எல்லாம் சரி, ஆமை வேகம்

போனிலேயே வேகம் அளந்து பாருங்கள். அங்கேயே குறைவு என்றால் சிக்னல்தான், ஜன்னலோரம் போங்கள். போனில் வேகம் இருந்து லேப்டாப்பில் இல்லை என்றால், இரண்டும் தாங்கும் பட்சத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். 2.4இல்தான் இருந்தாக வேண்டும் என்றால் லேப்டாப்பில் செருகியிருக்கும் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. நம்பச் சிரமமாக இருக்கும், கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும். இதோடு விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டை மீட்டர்ட் கனெக்ஷன் (அளவோடு டேட்டா உள்ள இணைப்பு) என்று குறித்துவிட்டால் பின்னணியில் இறங்கும் பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் காத்திருக்கும்.

எதுவும் புரியவில்லை என்றால் கேபிள்

வைஃபையை விட்டுவிட்டு யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தருவது) செய்து பாருங்கள். அவசரத்துக்கு வேலையும் ஓடும், கோளாறு எந்தப் பக்கம் என்பதும் தெரியும். கேபிளில் நெட் வந்தால் போனின் டேட்டாவும் திட்டமும் சரி, வைஃபைதான் பழுது. கேபிளிலும் வராவிட்டால் ஏபிஎன், விபிஎன், ப்ராக்ஸி என்று மேலே சொன்ன பக்கம் திரும்புங்கள்.

ஆண்ட்ராய்டில் யூஎஸ்பி டெதரிங் பொத்தான் மங்கியே இருந்தால் கேபிள் சார்ஜுக்கு மட்டுமானதாக இருக்கும், உள்ளே டேட்டா கம்பி இருக்காது. வேறு கேபிள் எடுங்கள். ஐபோனை விண்டோஸில் செருகினால் ஐட்யூன்ஸோ ஆப்பிள் டிவைசஸ் ஆப்போ தேவைப்படும். போனில் ட்ரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர் என்று கேட்கும்போது சரி கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டையும் மேக்கையும் கேபிளில் சேர்ப்பது பல போன்களில் நேராக நடக்காது. பழைய மேக்ஓஎஸ் என்றால் ப்ளூடூத் டெதரிங் உண்டு; நொடிக்கு 2 மெகாபிட்டைத் தாண்டுவதே அபூர்வம், மெயில் அனுப்பப் போதும்.

கடைசிப் படி நெட்வொர்க் ரீசெட். விண்டோஸ் 11இல் அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. போன்களில் ரீசெட் பகுதிக்குள். இதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன்னை மறுபடி அமைக்க வேண்டி வரும். ஐபோனில் வைஃபை, விபிஎன், ஏபிஎன் எல்லாம் அழியும். ஆண்ட்ராய்டில் ப்ளூடூத்தில் சேர்த்து வைத்தவையும் போகலாம். அழுத்துவதற்கு முன் தேவையான பாஸ்வேர்டுகளையும் ஏபிஎன் விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் என்றால் ஸ்க்ரீன்ஷாட் போதும், படங்களை இந்த ரீசெட் தொடாது.